உத்தரவு போட முடியாத அதிகாரி

குறைதீர்ப்பாளர் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு வங்கிதான் நினைவுக்கு வரும். கணக்கில் பணம் பிடித்துவிட்டார்கள், கிளையில் சரியான பதில் இல்லை, மனு எழுதி ரசீது நகலை இணைத்து அனுப்புகிறோம். இந்த ஏற்பாடு வேலை செய்ய மனுதாரருக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தனக்கு நடந்தது தவறு என்று தெரிய வேண்டும். அதைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். எழுதத் தெரிய வேண்டும். எழுதியதற்காக அடி விழாது என்ற நம்பிக்கையும் வேண்டும்.

மனுதாரருக்கு 9 வயது என்று வைத்துக்கொள்வோம். விடுதிக் காப்பாளர் மேல் புகார் என்றால், அந்தப் புகாரைத் தபாலில் சேர்க்க வேண்டியவரும் பெரும்பாலும் அதே காப்பாளர்தான். பள்ளி மாற்றல், மருத்துவம், வழக்கு என எதை எடுத்தாலும் கையெழுத்து ஒரு பெரியவருடையது. குழந்தைக்கு ஓட்டு இல்லை, வக்கீல் வைக்கக் காசு இல்லை. வழக்கு பத்து ஆண்டு இழுத்தால், தீர்ப்பு வரும் நாளில் அது குழந்தையாகவே இருக்காது. குழந்தைகளுக்கென்று தனியாக ஓர் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், எதற்கு என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிடுகிறது.

ஆம்புட்ஸ்மேன் என்பது ஸ்வீடன்காரர்களின் சொல். அரசு அலுவலகங்கள் சட்டப்படி நடக்கின்றனவா என்று கவனிக்க, 1809இல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் சார்பில் ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு பிறந்தது. ‘ஓம்புட்’ என்றால் அங்கே பிரதிநிதி, இன்னொருவருக்காகப் பேசுபவர். தமிழில் நாம் வைத்திருக்கும் குறைதீர்ப்பாளர் என்ற பெயர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வாக்குக் கொடுத்துவிடுகிறது. பெரும்பாலான நாடுகளில் இந்தப் பதவியில் இருப்பவர் எதையும் தீர்ப்பதில்லை. அவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது, அபராதம் போட முடியாது, ஒரு கடைநிலை ஊழியரைக்கூட இடைநீக்கம் செய்ய முடியாது. கேட்கலாம், உள்ளே போய்ப் பார்க்கலாம், எழுதலாம், எழுதியதை எல்லார் முன்னாலும் வைக்கலாம். அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ எப்போது எதையாவது அசைக்கிறது, எப்போது வெறும் பெயர்ப்பலகையாக நின்றுவிடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளுக்கென்றே இந்தப் பதவியைச் சட்டம் போட்டு முதலில் உருவாக்கிய நாடு நார்வே. ஆண்டு 1981. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை வருவதற்கு இன்னும் 8 ஆண்டுகள் இருந்தன. முதலில் பதவிக்கு வந்தவர் மால்ஃபிரிட் ஃப்ளெக்கொய் என்ற பெண் உளவியலாளர். (நார்வேக்காரர்கள் பதவிப் பெயரில் ‘மேன்’ என்ற வாலை நறுக்கிவிட்டு வெறும் ‘பார்னெஓம்புட்’ என்றே வைத்தார்கள். நாம்தான் இன்னும் ‘மேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.) எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் அரசு ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது என்பதுதான் முக்கியமான அச்சம். இன்றைக்கும் எந்த நாட்டில் இந்தப் பேச்சு எழுந்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்.

நார்வே சட்டம் அதற்கு நேரடியாகவே ஒரு பதில் வைத்திருந்தது. ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்குள் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடக்கும் தகராறு, பிரிந்த தம்பதியரில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு, இவற்றில் ஆம்புட் தலையிடக் கூடாது. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு ஈடாக வேறு ஒன்றைக் கொடுத்தார்கள்: குழந்தைகள் இருக்கும் எந்த நிறுவனத்துக்குள்ளும், அது அரசுடையதோ தனியாருடையதோ, அவர் போகலாம், ரகசியக் காப்பு விதியைக் காட்டி அதிகாரிகள் கோப்பை மறைக்க முடியாது. வீட்டு வாசலில் நின்றுகொள், விடுதி வாசலில் நிற்காதே என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வீட்டுக்குள் போகாவிட்டாலும் வீடுகளைப் பற்றிப் பொதுவாகப் பேசத் தடை இல்லை. ஃப்ளெக்கொய் பதவியில் இருந்த காலத்திலேயே, 1987இல், பெற்றோர் பிள்ளையை அடிப்பதையும் நார்வே சட்டம் தடை செய்தது.

அப்புறம் இது பரவிய கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோஸ்டாரிகா 1987, நியூசிலாந்து 1989, ஸ்வீடன் 1993. 1997இல் ஐரோப்பிய அலுவலகங்கள் தங்களுக்குள் ஒரு வலையமைப்பை ஏற்படுத்திக்கொண்டன. 2003இல் மொரிஷியஸ் தனிச் சட்டம் இயற்றியது. 2010களின் தொடக்கத்தில் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது 70க்கும் மேற்பட்ட நாடுகளில் 200க்கும் அதிகமான அலுவலகங்கள் இருந்தன. மாநில, மாகாண அளவிலானவையும் அதில் சேர்த்தி. சில நாடுகளில் தனிப் பதவி, சில நாடுகளில் பொதுவான மனித உரிமை ஆணையத்துக்குள் ஓர் அறை. பெயர்களும் பல: ஆணையர், காப்பாளர், வழக்குரைப்பவர்.

வேல்ஸின் கதை வேறு மாதிரி. அங்கே இந்தப் பதவி ஒரு நல்ல யோசனையிலிருந்து பிறக்கவில்லை, ஒரு பெரிய அவமானத்திலிருந்து பிறந்தது. வடக்கு வேல்ஸில் அரசுப் பராமரிப்பு இல்லங்களில் 1974 முதல் பல ஆண்டுகள் குழந்தைகள் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். நீதிபதி ரொனால்ட் வாட்டர்ஹவுஸ் தலைமையில் 1996இல் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் வெளிவந்தது. அதைப் படிக்கிறவர்களை உறுத்தும் விஷயம், கொடுமை நடந்தது மட்டுமல்ல. பிள்ளைகள் சிலர் அப்போதே சொல்லியும் இருந்தார்கள் என்பது. புகார் நடைமுறை என்று காகிதத்தில் ஏதோ ஒன்று இருந்தது. ஆனால் புகாரை வாங்குகிறவர், விசாரிக்கிறவர், புகாருக்கு உள்ளானவர் எல்லாரும் ஒரே நிர்வாகத்தின் ஆட்கள். சொன்னதை யாரும் நம்பவில்லை, நம்பியவர்கள் எழுதி வைக்கவில்லை. அறிக்கை வரிசையாக அடுக்கிய பரிந்துரைகளில் முதலாவது, வேல்ஸுக்குச் சுதந்திரமான ஒரு குழந்தைகள் ஆணையர் வேண்டும் என்பதே. அடுத்த ஆண்டே, 2001இல், பீட்டர் கிளார்க் அந்தப் பதவிக்கு வந்தார். பிரித்தானியாவின் முதல் குழந்தைகள் ஆணையர் அவர்தான். அவரைத் தேர்ந்தெடுக்க நேர்முகம் நடத்தியவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

வேல்ஸ் ஆணையரின் பதவிக்காலம் 7 ஆண்டு, ஒரே ஒரு முறை. பார்க்கச் சின்ன விதிதான். ஆனால் இரண்டாவது முறை நியமனம் கிடைக்கலாம் என்ற ஆசை இருக்கிற ஓர் அதிகாரி, கடைசி வருடத்தில் அமைச்சரை எதிர்த்து எழுதும் அறிக்கை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் விதியின் அருமை தெரியும்.

சரி, உத்தரவு போட முடியாதவர் என்னதான் செய்துவிட முடியும்? 2020 டிசம்பரில் லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு பள்ளி. பரீட்சைக்கு வந்திருந்த 15 வயதுக் கறுப்பின மாணவி ஒருத்தியிடம் கஞ்சா வாசம் வருவதாக ஆசிரியர்களுக்குச் சந்தேகம். போலீஸ் வந்தது. பெற்றோருக்குச் சொல்லவில்லை. துணைக்குப் பெரியவர் ஒருவர்கூட இல்லாமல், ஆடை களையச் செய்து சோதித்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. மறுபடி பரீட்சை அறைக்கே அனுப்பிவைத்தார்கள். இது வெளியே தெரிந்தது 2022 மார்ச்சில், உள்ளூர்க் குழந்தைப் பாதுகாப்பு ஆய்வறிக்கை ஒன்றின் வழியாக. அடையாளம் மறைத்து அந்தச் சிறுமிக்கு அது வைத்த பெயர் ‘குழந்தை கியூ’.

ஊரே கொதித்தது. வழக்கமாக இந்த இடத்தில் காவல்துறை, இது எங்கோ நடந்த ஒரு தனிப்பட்ட தவறு என்று சொல்லும். எதிர்த்துச் சொல்ல யாரிடமும் கணக்கு இருக்காது. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் ரேச்சல் டி சூசா செய்தது ஒரே காரியம். சட்டம் தனக்குத் தந்திருந்த தகவல் கோரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, லண்டன் பெருநகரக் காவல்துறையிடம் எண்களைக் கேட்டார். அந்த ஆகஸ்டில் பதில் வெளியானது: 2018 முதல் 2020 வரை 650 சிறார்களை அப்படிச் சோதித்திருந்தார்கள். நாலில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான சம்பவங்களில், பெரியவர் ஒருவர் உடனிருந்தார் என்று உறுதிசெய்ய முடியவில்லை. பாதிக்கும் மேற்பட்ட சம்பவங்களில் மேல்நடவடிக்கை எதுவும் இல்லை, அதாவது அந்தச் சோதனைகள் தேவையே இல்லாதவையாக இருந்திருக்கலாம். 2023இல் இதே கேள்வி இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் போனது. நாலரை ஆண்டுகளில் 2,847 சோதனைகள். அவற்றுள் 8 வயதுப் பிள்ளையும் அடக்கம்.

ஆணையர் யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஹாக்னி சம்பவத்தில் தொடர்புடைய கான்ஸ்டபிள்கள் இருவர் ஒழுங்கு விசாரணை முடிந்து பணியிழந்தது 2025 ஜூனில்தான். அது தனி வழி, தனி வேகம். ஆணையர் செய்தது, ஒரு சிறுமியின் கதையை எண்ணாக்கியது. ‘எங்கோ ஒன்று’ என்ற பதிலுக்கு இனி இடமில்லை.

இது மேலிருந்து போகும் வழி என்றால், அயர்லாந்து கீழிருந்து வரும் வழி. அங்கே குழந்தைகளுக்கான ஆம்புட்ஸ்மேன் தனிப்பட்ட புகார்களை வாங்கி விசாரிக்கலாம். நாடோடிச் சமூகத்தினர் வண்டிவீடுகளில் தங்க உள்ளாட்சி அமைத்திருந்த ஒரு முகாம் பற்றி வந்த புகாரை விசாரித்து 2021 மே மாதம் அந்த அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. 40 பேருக்கென்று கட்டிய கழிப்பறை, குளியலறை வசதியை 140 பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 66 பேர் குழந்தைகள். எலித்தொல்லை, ஈரம், சேறு. பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் சேறாகிவிடுவதையும், அதைப் பற்றி வகுப்பில் கூச்சப்படுவதையும் பிள்ளைகளே சொல்லியிருந்தார்கள். கழிப்பறைக் கணக்கைப் பொறியாளர் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அந்தக் கூச்சம் கோப்பில் ஏறியது பிள்ளைகளிடம் ஒருவர் போய்க் கேட்டதால்தான்.

இதற்கெல்லாம் அடிப்படை அந்த ஒருவர் யாருக்கும் கடன்பட்டவராக இருக்கக் கூடாது என்பது. சுதந்திரம் என்றதும் நாம் அதிகாரியின் நெஞ்சுரத்தைத்தான் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது: யார் நியமிக்கிறார், யார் நீக்கலாம், சம்பளமும் நிதியும் எந்தத் தலைப்பில் வருகிறது, அறிக்கை அமைச்சரிடம் போகிறதா நாடாளுமன்றத்துக்கா. 1993இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாரிஸ் கோட்பாடுகள் மனித உரிமை அமைப்புகள் எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோலை வைத்தன. 2002இல் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு இதைக் குழந்தைகளுக்குப் பொருத்தி ஒரு பொதுக் கருத்துரை எழுதியது. ஓட்டு இல்லாதவர்கள், நீதிமன்றம் எட்டாதவர்கள், சொன்னால் காதில் போட்டுக்கொள்ள ஆள் இல்லாதவர்கள், ஆகவே பெரியவர்களுக்கு இருக்கும் பொது அமைப்பு மட்டும் போதாது என்பது அதன் வாதம்.

காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. அங்கே 2004இல் சட்டம் வந்தபோது ஆணையரின் வேலை குழந்தைகளின் ‘கருத்துகள், நலன்கள்’ பற்றி விழிப்புணர்வு ஊட்டுவது மட்டும். உரிமை என்ற சொல்லை வேலை விவரத்தில் வைக்கவில்லை. தானாக ஒரு விசாரணை தொடங்க வேண்டுமானால் முதலில் அமைச்சரைக் கலந்துகொள்ள வேண்டும். 10 ஆண்டு கழித்து, 2014 திருத்தத்தில்தான் உரிமைகளைப் பாதுகாப்பதே முதன்மைப் பணியாயிற்று. பரிந்துரை போனால், என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுத்தில் பதில் தர வேண்டிய கடமையும் அரசு அமைப்புகளுக்கு உண்டு. ஏற்க மறுக்கலாம், ஆனால் மறுப்பை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உத்தரவு போட முடியாதவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை என்பது என் எண்ணம்.

சட்டம் கொடுத்ததைச் சட்டமே திருப்பி வாங்கிக்கொள்ளவும் முடியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குழந்தைகளுக்காக வாதாடும் தனி அலுவலகத்தை மூடப் போவதாக 2018 நவம்பரில் நிதி அறிக்கையோடு சேர்த்து அறிவித்தார்கள். 2019 மே முதல் தேதி அதன் விசாரணைப் பணி பொது ஆம்புட்ஸ்மேனுக்குப் போனது. பிள்ளைகள் பக்கம் நின்று வாதாடும் பணி அந்த மாற்றத்தில் கரைந்துபோனது. பிரான்ஸும் 2011இல் தன் குழந்தைகள் காப்பாளரைப் பொதுவான உரிமைக் காப்பாளருக்குள் இணைத்துவிட்டது; அங்கே துணைப் பதவி ஒன்று குழந்தைகளுக்கென்று மிஞ்சியது. சிக்கனம் என்பார்கள், ஒருங்கிணைப்பு என்பார்கள்.

பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்யா கடைக்கோடி உதாரணம். அங்கே குழந்தைகள் உரிமை ஆணையரை நியமிப்பவர் அதிபர். 2009இல் பதவியே அதிபர் ஆணையால் உருவானது. 2023 மார்ச் 17இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், ஆக்கிரமிப்புப் பகுதிகளிலிருந்து உக்ரைனியக் குழந்தைகளைச் சட்டவிரோதமாக நாடுகடத்தியதாகக் குற்றம்சாட்டி இருவர் மேல் கைது ஆணை பிறப்பித்தது. ஒருவர் அதிபர் புதின். இன்னொருவர் மரியா ல்வோவா-பெலோவா, குழந்தைகள் உரிமை ஆணையர்.

இந்தியா நடுவில் எங்கோ நிற்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2007இல் செயல்படத் தொடங்கியது. முதல் தலைவர் சாந்தா சின்ஹா. மாநிலங்களுக்கும் தனித்தனி ஆணையங்கள் உண்டு. காகிதத்தில் அதிகாரம் குறைச்சல் இல்லை: தானாக விசாரிக்கலாம், சிவில் நீதிமன்றம் போல ஆளை வரவழைக்கலாம், பரிந்துரையோடு நிற்காமல் உயர் நீதிமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் அணுகலாம். கல்வி உரிமைச் சட்டம், போக்சோ இரண்டையும் கண்காணிக்கும் பொறுப்பும் அதனிடம்தான். ஆனால் தலைவரைப் பரிந்துரைக்கும் மூவர் குழுவுக்குத் தலைமை துறை அமைச்சர். பதவிக்காலம் 3 ஆண்டு, இரண்டாம் முறையும் வரலாம். யாருடைய துறையைக் கண்காணிக்க வேண்டுமோ அவரே தேர்வுக் குழுத் தலைவர் என்பதை வேல்ஸின் 7 ஆண்டு விதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இந்த அலுவலகங்களைச் சுற்றி ஓயாமல் நடக்கும் ஒரு விவாதம் உண்டு: தனித்தனிப் புகார்களை வாங்க வேண்டுமா, கூடாதா? ஸ்வீடனின் குழந்தைகள் ஆம்புட்ஸ்மேன் வாங்குவதில்லை. கொள்கை, சட்டம், பொது நிலவரம் என்றுதான் பேசும். வாங்க ஆரம்பித்தால் கோப்புகளில் மூழ்கிவிடுவோம், பெரிய படம் தெரியாது என்பது அந்தப் பக்கத்து நியாயம். ஐ.நா. குழு இதை ஏற்கவில்லை, புகார் வாங்கும் அதிகாரம் கொடுங்கள் என்று ஸ்வீடனைப் பலமுறை வலியுறுத்திவிட்டது. எனக்கும் குழு சொல்வதுதான் சரியாகப் படுகிறது. புகாரே வராத அலுவலகத்துக்கு மெல்ல மெல்லக் காது மந்தமாகிவிடும்.

ஆனால் புகார் வாங்குவதோடு வேலை முடிந்தது என்றும் இருக்க முடியாது. அயர்லாந்து அலுவலகத்துக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை பெற்றோர் தருபவை; அதிகம் பள்ளி சம்பந்தப்பட்டவை. குழந்தைகளே நேரடியாகத் தருவது சொற்பம். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விவரம் தெரிந்த, விடாப்பிடியான ஓர் அம்மா இருக்கிற பிள்ளைக்கு வாசல் திறக்கிறது. அப்படி ஆள் இல்லாத பிள்ளை எங்கே இருக்கும்? பராமரிப்பு இல்லத்தில், சீர்திருத்தப் பள்ளியில், அகதி முகாமில். அங்கே அலுவலகம்தான் தேடிப் போக வேண்டும். போவதற்குச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும்.

அயர்லாந்து சட்டத்தையே மறுபடி எடுத்துப் படித்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. 2002இல் இயற்றிய அந்தச் சட்டம் நல்ல சட்டம். முதல் ஆம்புட்ஸ்மேன் எமிலி லோகனைத் தேர்ந்தெடுத்ததிலும் பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தது. 2004இல் அலுவலகம் திறந்தது. ஆனால் சட்டத்தின் உட்பிரிவுகளில் சில விலக்குகள் இருந்தன. சிறைகள் அதன் வரம்பில் இல்லை. அதனால் செயின்ட் பாட்ரிக்ஸ் என்ற இளைஞர் சிறையில் இருந்த 18 வயதுக்குட்பட்டவர்கள் அங்கே புகார் தர முடியாது. 2012இல்தான் அந்தத் தடை போனது. தஞ்சம் கோருவோர், குடியேற்றம் தொடர்பான நிர்வாகமும் வரம்புக்கு வெளியே இருந்ததால், தஞ்சம் கோரி வந்த குடும்பங்களை அரசு தங்கவைத்திருந்த விடுதிகளிலிருந்தும் புகார்களை ஏற்க முடியவில்லை. அந்த வாசல் திறந்தது 2017 ஏப்ரலில். அலுவலகம் திறந்த ஆண்டில் 5 வயதில் அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பிள்ளைக்கு அப்போது வயது 18.